தூணோரம் வைத்த தாம்பூலப் பை

என் அக்காவின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. ராஜபாளையத்தில் நான் வேப்பிலைக்கு நடுவே கிடக்க, தேவதானம் பக்கத்தில் உள்ள மச்சான் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் என் சித்தப்பா மகன் தாய்மாமனாக உட்கார்ந்துவிட்டான். செட்டியார்பட்டிக்காரன். என்னைவிடச் சின்னவன். மேளம், மாலை, மோதிரம், கோயில் வாசலில் அவன் கும்பிட்டபடி நிற்கும் ஃப்ளெக்ஸ் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக் கூடத்தில், அவன் மடியில் பையன் உட்கார்ந்திருக்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் எனக்கு எப்போதும் இலை விழும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, உட்கார இடம் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் சாம்பார் முடிந்து ரசத்துக்கு வருவதற்குள் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

அதனால் அக்காவின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தபோது நான் ஏதோ எனக்கே கல்யாணம் என்பதுபோல அலைந்தேன். இதற்கு மேல் பிள்ளை இல்லை என்று அக்கா ஆஸ்பத்திரியிலேயே முடிவு கட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஆக, என் மடிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை காதுகுத்து. அதற்கு முந்தின வியாழக்கிழமை நான் சீனாவில் இருந்தேன்.

பொழுது போகாமல் போகவில்லை. நானும் மச்சானும் சேர்ந்து பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்று நடத்துகிறோம். துணியைச் சுருட்டி வெட்டுகிற மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். கப்பலில் ஏற்றுவதற்கு முன் நேரில் வந்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள், தேதியையும் அவர்களே வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போட்டோம். கிளம்புகிற அன்று செட்டியார்பட்டித் தம்பி போன் செய்து, "நீ கவலைப்படாமப் போயிட்டு வா. ஏதும் லேட்டாச்சுன்னா நான் இருக்கேன்ல" என்றான். அந்த வார்த்தையை நான் விமானம் முழுக்க மென்றுகொண்டே போனேன்.

மச்சானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் அப்பா. நல்ல மனிதர், என்னிடம் இதுவரை குரல் உயர்த்தியதில்லை. ஆனால் நேரம் காலம் பார்க்காமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டார். எங்கள் கூடத்தில் தறி நின்றால் முதலில் கரண்ட்டைப் பார்ப்பேன், அவர் காலண்டரைப் பார்ப்பார். சீனாவில் நம்மூர்க் காலண்டர் கிடைக்காது என்று யோசித்து, அந்த வாரத்துத் தாள்களை மட்டும் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்களால் அவர்கள் பட்டது போதும். ஏதோ ஜில்லா அளவில் உள்ள ஊர், அதற்கு ஒரு விமான நிலையம் என்றார்கள். நானும் நம்மூர் பஸ் ஸ்டாண்டுக்குள் இரண்டு விமானம் நிற்பதாக நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் கூரையே கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. செத்த நேரத்துக்கு ஒரு விமானம் இறங்குகிறது, அது காலாற நிற்பதற்குள் பெட்டி வண்டி ஒரு பக்கம், சாப்பாட்டு வண்டி ஒரு பக்கம், எண்ணெய் வண்டி ஒரு பக்கம் என்று வந்து ஒட்டிக்கொள்கின்றன. இறக்கி, துடைத்து, ஏற்றி, திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. இவ்வளவு வேலை சத்தமே இல்லாமல் நடப்பதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ துக்க வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

வாசலிலேயே ஒருவர் நின்று, வருகிறவர் சட்டையிலும் பையிலும் ஒரு சின்னத் தாளால் தடவி, தாளை ஒரு பெட்டிக்குள் செருகிப் பார்த்தார். வெடிமருந்து வாசனை இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். மச்சான் அதைத் தூசி தட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, திரும்பி நின்று முதுகையும் காட்டினார். உள்ளே மூலைக்கு மூலை வெந்நீர்க் குழாய். ஆளுக்கு ஒரு பிளாஸ்க்கோடு வந்து பிடித்துப் போகிறார்கள். அந்த நான்கு நாளும் மச்சான் சந்தேகப்படாமல் வாய்க்குள் விட்ட ஒரே பொருள் அந்த வெந்நீர்தான். உட்காரலாம் என்று போனால் பாதி நாற்காலி உடம்பு பிடித்துவிடுகிற நாற்காலி. காசு போடாமல் உட்கார்ந்தால் ஒரு பெண் குரலில் ஏதோ சொல்கிறது. மச்சான் சட்டென்று எழுந்து, "இல்லம்மா, தெரியாம உக்காந்துட்டேன்" என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பெரிய பெட்டிகளைக் கவுண்டரில் போட்டாயிற்று. இனி பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போக வேண்டியதுதான். அங்கேதான் மச்சான் காலண்டர்த் தாளை எடுத்தார். வியாழக்கிழமை, ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம். எங்கள் விமானம் கிளம்புவது சரியாக அதற்கு நடுவில்.

நான் எதிர்பார்த்ததுதான். நம்மூர்க் கடிகாரத்துக்கு இது காலை நேரம், ராகு காலம் வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்றேன். ராகு என்ன வாட்ச் கட்டிக்கொண்டா வருகிறது, இருக்கிற ஊர் நேரம்தானே கணக்கு என்றார் அவர். சரி, அப்படியானால் நம்மூர் நேரத்தை விட்டுவிடலாமா என்றேன். அதெப்படி, நாம் நம்மூர் ஆட்கள் இல்லையா என்றார். கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று சீனத்து ராகு காலத்துக்கும் நம்மூர் ராகு காலத்துக்கும் சேர்த்துப் பயந்துவிடுவது என்று முடிவெடுத்தார். "பிள்ள காதுகுத்துக்குப் போறோம் மாப்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிறக் கூடாது" என்று அவர் சொன்னதும் என்னால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை. கோபம் வந்தால் நான் நடப்பேன். அவரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

கூடத்தின் மறு கோடியில் ஒரு நீளச் சுவர் முழுக்கப் படங்கள். அந்த விமான நிலையத்தின் கதை. போனைக் காட்டினால் எழுத்தை மாற்றிக் கொடுத்தது, ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் படத்தில் வெறும் வயல், ஓரத்தில் ஒரு எருமை. அடுத்ததில் நூற்றுக்கணக்கில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று ஆளுயரக் கல் உருளை ஒன்றைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அதுதான் முதல் ஓடுபாதை. பட்டாளத்துக்காகப் போட்டதாம். பிறகு ஒரு மாடிக் கட்டடம், அதன் முன்னால் ஒரே ஒரு சின்ன விமானம், அதைப் பார்க்கக் குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து புல்லில் உட்கார்ந்திருக்கும் ஜனம். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது. நம் ஆட்களும் அதைத்தான் செய்திருப்பார்கள், கூடவே ஒருவர் சுண்டல் விற்றிருப்பார்.

அதற்கப்புறம் வேகம் பிடிக்கிறது. ஒரு படத்தில் குன்று இருக்கிறது, அடுத்த படத்தில் இல்லை. வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நீளமாக இரண்டாவது ஓடுபாதை போட்டுவிட்டார்கள். பக்கத்து மலைகளில் விளைகிற பூவும் காளானும் பறித்த அன்றே பெரிய நகரங்களுக்குப் பறக்கின்றனவாம், அதற்குத் தனிக் கொட்டகை. கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மொத்த நிலையத்தின் சின்ன உருவம், தீப்பெட்டி அளவு விமானங்களோடு. எங்கள் மலையடிவாரத்துக் கான்சாபுரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று வந்தால் நெல்லுக்கு என்ன விலை கிடைக்கும், மலை வெட்ட விடுவார்களா, வெட்டினால் சரணாலயத்துச் சாம்பல் அணில்கள் எங்கே போகும் என்று நான் கற்பனையில் ஒரு பஞ்சாயத்தையே கூட்டிவிட்டேன்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெயர் கேட்டது. சீன உச்சரிப்பில் இழுத்து இழுத்துச் சொன்னாலும் தெளிவாகக் கேட்டது. தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த கல்யாணத்து மாப்பிள்ளையின் பெயர். கூடவே பெண்ணின் பெயர். இருவரும் உடனே வரவும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்கூட இல்லை, கோபம்தான். தேனிலவுக்குக் கொடைக்கானல் போகிறோம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு இந்தப் பயல் சீனாவுக்கா வந்திருக்கிறான்? அதுவும் நாலு மாதம் கழித்து? அவன் டயர்க் கடையில் அவ்வளவா வருமானம்? இரண்டாம் முறையும் அழைத்தார்கள். மூன்றாம் முறை குரலில் கொஞ்சம் கண்டிப்பு ஏறியிருந்தது. இரண்டு பேரும் எங்கேதான் தொலைந்தார்கள், நம் ஊர்ப் பெயர் கெடுகிறதே என்று நான் கூட்டத்துக்குள் அந்த முகங்களைத் தேடிக்கொண்டே வந்தேன்.

தேடிக்கொண்டே வந்தவன், கூடத்தின் நடுவில் ஜனம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். சோதனைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தூணைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். கருப்புச் சீருடைக் காவலர்கள் கையை விரித்து எல்லோரையும் பின்னால் தள்ளினார்கள். எட்டிப் பார்த்தேன். தூணின் அடியில், அதன்மேல் அழகாகச் சாய்த்து வைத்தபடி, மஞ்சள் நிறத்தில் ஒரு தாம்பூலப் பை. ஒரு பக்கம் தேங்காய் படம். மறு பக்கம் மாப்பிள்ளை பெண் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

அது மச்சானின் பை. போகிற இடமெல்லாம் அதைத்தான் கைப்பையாகத் தூக்கிக்கொண்டு வருவார், துவைத்துக் காய வைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்பார்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால் நல்ல நேரத்தில் பையையாவது கிளப்பிவிடுவார்கள். போகிற திசையில் தெரிந்தவர் வீட்டில் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டால், கணக்குப்படி நாம் கிளம்பியாயிற்று. பிறகு ராகு காலமானாலும் எமகண்டமானாலும் நிதானமாகப் புறப்பட்டு, வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். பரஸ்தானம் வைப்பது என்று பெயர். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், வெளியே போன பை திரும்பி வரக் கூடாது. மச்சான் ஒன்றரை ஆவதற்குள் பரஸ்தானம் வைத்துவிட்டார். தெரிந்தவர் வீடு இல்லாததால் தூண்.

அவரைத் தேடினால், வெகு தூரத்தில் ஒரு சாதாரண நாற்காலியில், தூணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். வைத்த பையைத் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பின்னால் நடப்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது. நான் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது பயம் இல்லை, பெருமை. "பாத்தியா, பைக்கு எம்புட்டு காவல் போட்டிருக்காவ" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத முடியாது. அதற்குள் நாயைக் கூட்டி வந்துவிட்டார்கள். ராஜபாளையத்து மாப்பிள்ளை என்ற முறையில் மச்சான் நாயை மேலும் கீழும் பார்த்து, மூக்கு பத்தாது, நம்மூர் நாய் என்றால் கால் உயரமாக இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னார். நாய் பையைச் சுற்றி வந்து உள்ளே முகத்தை விட்டது. உள்ளே வேட்டி, துண்டு, விபூதிப் பொட்டலம், அக்கா அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடி. மிளகாய் வற்றலை அக்கா தாராளமாகப் போடுவாள். நாய் முகத்தை வெளியே எடுத்து, ஒரே ஒரு தும்மல் போட்டது.

மச்சான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் போலீஸ் நிற்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கிளம்புகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல், அதுவும் பரஸ்தானப் பைமேலேயே. "தும்மிட்டே மாப்ள" என்றார், அழாத குறையாக.

அவரை இழுத்துக்கொண்டு போய் நாடாவுக்கு முன்னால் நிறுத்தினேன். அங்கே பொறுப்பில் இருந்தது ஒரு பெண் அதிகாரி. அக்கா வயசு இருக்கும், ஒரு கையில் வாக்கிடாக்கி, மறு கையில் பிளாஸ்க். நிதானமான ஆங்கிலம் பேசினார். பை எங்களுடையது என்றேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், பையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பையில் இருக்கும் பெயர் உங்கள் இருவருடையதும் இல்லையே என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். எந்த ஊரில் ஒரு மனிதன் பெண்டாட்டி பெயரையும் சேர்த்து அச்சடித்த பையை அடுத்தவனுக்குக் கொடுப்பான்? இந்த இரண்டு பேரும் இப்போது எங்கே என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் இருக்கிறார்கள் என்றேன். அவர்கள் பை மட்டும் ஏன் இங்கே வந்தது என்றார். அவர்கள் கல்யாணத்துக்கு நாங்கள் போனோம், தேங்காய் போட்டுக் கொடுத்தார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது.

வேறு வழியில்லை. ரோமிங்கில் அந்தக் கல்யாண மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டேன். நல்லவேளை, பயல் எடுத்தான். கடையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வந்திருப்பான் போல, பனியனோடு இருந்தான். எனக்குப் பின்னால் நின்ற சீன போலீஸ் தொப்பிகளைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். உன் கல்யாணப் பையைக் காட்டு என்றேன். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஓடி, ஆணியில் வெங்காயம் நிறைந்து தொங்கிய அதே பையை எடுத்து வந்து, தேங்காய் பக்கத்தையும் பெயர்ப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினான். பெண்ணும் வந்து நின்றாள். அதிகாரி திரையில் இருந்த பையையும் தரையில் இருந்த பையையும் பார்த்து, பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். மொத்தம் எத்தனை பை கொடுத்தீர்கள் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். "மிச்சம் நெறைய இருக்குண்ணே. அவியளுக்கும் வேணுமா?" என்றான்.

விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் சட்டப்படி, ஆளில்லாமல் கிடந்த பை மறுபடி வாசலுக்குப் போய், தாளால் தடவி, ஸ்கேனரில் போய் வர வேண்டும். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள் என்றார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டார். பரஸ்தானம் வைத்த பையைத் தன் கையால் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போக மாட்டாராம். ஒரு பக்கம் எங்கள் விமானத்துக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலைக்கு ஏறியது. எல்லோர் முன்னாலும் கத்தினேன். அந்தச் செட்டியார்பட்டிக்காரன் இந்நேரம் ஃப்ளெக்ஸ் அடித்திருப்பான், உங்கள் ஒரு பையால் என் மடி போகப்போகிறது என்றெல்லாம் கத்தினேன். அங்கே யாருக்கும் ஒன்றும் புரியாததால் அவமானம் கொஞ்சம் குறைவு.

அதிகாரி என்னை விட்டுவிட்டு மச்சானிடம் என்ன பிரச்சினை என்று கேட்டார். மச்சானுக்கு ஆங்கிலம் வராது. சட்டைப் பையிலிருந்து காலண்டர்த் தாளை எடுத்து நீட்டினார். அந்தம்மா அதை வாங்கி, கட்டங்களையும் சின்னச் சின்ன எழுத்தையும் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி கிழிக்கிற காலண்டர் உண்டு என்றார். என்றைக்குப் பயணம் போகலாம், என்றைக்கு முடி வெட்டலாம் என்று எல்லாம் அதில் இருக்குமாம். அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் இவரை வேலைக்கே விடுவாராம். இன்றைய தாளில் என்ன போட்டிருந்தது என்று கேட்டேன். வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தது என்றார்.

வைத்தவர் கையால் பையைத் திருப்பி எடுக்கக் கூடாது என்று நான் விளக்கியதும், அவரே குனிந்து அந்தத் தாம்பூலப் பையை எடுத்தார். நீங்கள் எடுக்கக் கூடாது, நான் எடுக்கலாம் இல்லையா என்று கேட்டார். மச்சான் யோசித்து, தாராளமாக என்றார். சீருடையும் வாக்கிடாக்கியுமாக, கையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணப் பையோடு அந்தம்மா முன்னால் நடக்க, இரண்டு காவலர்களும் நாயும் பின்னால் போனார்கள். வாசலுக்குப் போய், சோதனை முடித்து, பாதுகாப்புச் சோதனைக்கு அந்தப் பக்கத்தில் எங்களிடம் ஒப்படைத்தார். நடந்து வரும்போதே அந்தக் கல் உருளைப் படத்தைக் கவனித்தீர்களா, அதில் கயிறு பிடிப்பவர்களில் என் தாத்தா ஒருவர் என்று சொன்னார். விமானம் தாமதமாகிக் கோபப்படுகிறவர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்வாராம். அவர் இழுத்த வேகத்துக்கு இது பரவாயில்லை என்று பாதிப் பேர் அடங்கிவிடுவார்களாம்.

ஓடினோம். வானத்தில் நெரிசல் என்று எங்கள் விமானத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தார்கள், அதனால் கதவு மூடவில்லை. ஏறியபோது விமானம் முழுக்க எங்களையே பார்த்தது. மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பரஸ்தானம் வைத்ததால்தான் விமானமே நமக்காக நின்றது என்றார். நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த விமானம் அதற்கப்புறமும் தரையிலேயே நெடுநேரம் நின்றது. விமானம் மாற வேண்டிய பெரிய நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இந்தியாவுக்கு வர வேண்டிய விமானம் போய்விட்டிருந்தது. அடுத்து இடம் கிடைத்தது சனிக்கிழமை ராத்திரிக்குத்தான். அக்காவுக்குப் போன் செய்தேன். மதுரையில் இறங்கவே ஞாயிற்றுக்கிழமை காலை ஆகிவிடும், நல்ல நேரத்துக்குள் வந்துசேர்வது சந்தேகம் என்றேன். அக்கா வா என்று மட்டும் சொன்னாள். போனை வாங்கிய செட்டியார்பட்டித் தம்பி, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னைத் தேற்றினான். அவன் தேற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு காலை மதுரையிலிருந்து டாக்சிக்காரரை நான் விரட்டிய விரட்டில் அவர் கிருஷ்ணன்கோவிலில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. சேத்தூர் தாண்டும்போதே நேரம் முடிந்துவிட்டது என்று மச்சான் தாளைப் பார்த்துச் சொன்னார். கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் ஃப்ளெக்ஸ் நின்றது. கும்பிட்டபடி அவன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மேளம் ஓய்ந்திருந்தது. ஒரு பக்கம் பந்தி நடந்தது. அவன் கழுத்தில் மாலையோடு வேப்ப மரத்தடியில் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் காது குத்துகிற ஆசாரி. அக்கா இடுப்பில் குழந்தை. மொட்டைத் தலையில் சந்தனம், வலது காதில் புதுக் கம்மல். முடிந்துவிட்டது. நான் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூக்கமில்லாததால் என்று யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா குழந்தையை மறு பக்கம் திருப்பிக் காட்டினாள். இடது காது வெறுமையாக இருந்தது.

ஒரு காது குத்தியதும் அவன் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாளாம். மாமனார் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சத்தம் போட்டிருக்கிறார்கள். அரைகுறையாக நிறுத்தக் கூடாது, நேரம் போகிறது, அபசகுனம் என்றெல்லாம். அக்கா அவர்களுக்குச் சொன்ன பதிலை என்னிடமும் ஒருமுறை சொன்னாள். "நல்ல நேரத்துல ஒரு காது ஆயிப் போச்சு. எம்பிள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல. அது எந்தம்பி வந்த பொறவு."

மூன்று நாளாகக் கழற்றாத பேண்டோடு நான் சமுக்காளத்தில் உட்கார்ந்தேன். செட்டியார்பட்டித் தம்பி தன் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். அவன் நல்லவன்தான், இத்தனை வருஷமும் நல்லவன்தான், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

முதல் காதின்போது குழந்தைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. வெல்லத்தைச் சப்பிக்கொண்டு அவன் மடியில் சிரித்துக்கொண்டே இருந்ததாம், படம் அருமையாக வந்திருக்கிறதாம். இப்போது எல்லாம் தெரியும். ஆசாரியைப் பார்த்ததும் என் மடியில் திமிறியது. மச்சான் காலைப் பிடித்தார், தம்பி தலையைப் பிடித்தான். அது என் கட்டை விரலைக் கடித்தது, நெஞ்சில் உதைத்தது, கோயிலே அதிரும்படி அலறியது. ஊசி உள்ளே போன நொடியில் என் பேண்ட் சூடாக நனைந்தது. கம்மல் மாட்டி முடித்ததும் ஒரே தாவாகத் தாவி அவன் தோளைக் கட்டிக்கொண்டு, அங்கேயிருந்து என்னைக் காட்டி ஏதோ புகார் சொன்னது. பந்தியில் இருந்தவர்கள் வரை சிரித்தார்கள்.

ஓடி வந்ததற்கு இதுதான் மிச்சம், இனி என்னிடம் வரவே வராது என்று அக்காவிடம் சொன்னேன். நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

அக்கா என் கட்டை விரலைப் பிடித்துப் பல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டாள். "வராட்டா என்னலே" என்றாள். "சிரிக்கதுக்கு யார் மடியா இருந்தா என்ன. அழுகதுக்குத்தான உன்னைய வரச் சொன்னேன்."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நனைந்த பேண்டோடு செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.